கண்ணாடியைக் கழற்றிவிடலாமா? லேசர் ஆபரேஷனுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பத்து நிமிஷத்தில் கண்ணாடிக்கு குட்பை சொல்லலாம் என்று போனைத் திறந்தாலே விளம்பரம் வருகிறது. பத்து நிமிடம் என்பது பொய் இல்லை. லேசர் ஓடும் நேரம் அதைவிடவும் குறைவு. ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாமல் முடிவதும் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் கண்ணிலிருந்து எடுக்கப்படும் திசு திரும்ப வளராது. அதனால் யோசிக்க வேண்டியது, கேட்க வேண்டியது எல்லாமே ஆபரேஷனுக்கு முன்புதான்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த சிகிச்சை நல்ல பலன் தருகிறது என்பதில் சந்தேகம் இல்லை. கேள்வி, அந்தப் பெரும்பாலானவர்களில் நீங்கள் ஒருவரா என்பதுதான்.

லேசர் எந்த இடத்தில் படுகிறது?

கண்ணின் முன்பக்கத்தில், வாட்ச் மேல் இருக்கும் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான படலம் இருக்கிறது. அதுதான் கார்னியா. தமிழில் இதைக் கருவிழி என்று எழுதுகிறோம். ஆனால் பேச்சில் கருவிழி என்றால் கண்ணில் கறுப்பாகத் தெரியும் வட்டம். அந்தக் கறுப்புக்கு முன்னால், இருப்பதே தெரியாமல் இருக்கும் படலத்தைத்தான் டாக்டர்கள் சொல்கிறார்கள். கண் தானத்தில் பெரும்பாலும் எடுத்துப் பொருத்துவதும் இதைத்தான். குழப்பம் வேண்டாம், இங்கே கார்னியா என்றே வைத்துக்கொள்வோம்.

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை கார்னியா செய்கிறது. கண் கொஞ்சம் நீளமாக வளர்ந்துவிட்டால், ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். அதுதான் கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர். லேசர், கார்னியாவின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்குகிறது. ஒளி சரியான இடத்தில் விழுகிறது. கண்ணாடி செய்த வேலையை கார்னியாவே செய்துவிடும். பிளஸ் பவர் என்றால் சுற்றுப்பகுதியைச் செதுக்கி நடுவை மேடாக்குவார்கள். சிலிண்டர் பவர் என்றால் ஒரு திசையில் மட்டும் கூடுதலாகச் செதுக்க வேண்டும்.

இந்த லேசருக்குப் பின்னால் நம்ம ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன ரங்கசாமி சீனிவாசன், ஐ.பி.எம். ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில், அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், எக்ஸைமர் லேசரை அதன் மேல் பாய்ச்சிப் பார்த்தார். பக்கத்துத் திசு கருகாமல், சுத்தமாக வெட்டு விழுந்தது. சாதாரண லேசர் சுட்டுப் பொசுக்கும், இது மூலக்கூறுகளைப் பிரித்து ஆவியாக்கிவிடுகிறது. இன்றைக்கு லேசிக்கில் கார்னியாவைச் செதுக்குவது அதே 193 நானோமீட்டர் அலைநீள லேசர்தான்.

லேசிக், ஸ்மைல், பி.ஆர்.கே. எது எதற்கு?

லேசிக்கில் முதலில் கார்னியாவின் மேல்பகுதியில் மெல்லிய மூடி மாதிரி ஒரு அடுக்கை வெட்டுவார்கள். இதற்குப் பெயர் ஃபிளாப். ஒரு பக்கம் ஒட்டியபடியே, புத்தக அட்டை மாதிரி அதைத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கிவிட்டு மறுபடி மூடிவிடுவார்கள். தையல் கிடையாது. ஃபிளாப்பை முன்பு நுண்ணிய பிளேடால் வெட்டினார்கள், இப்போது பெரும்பாலும் ஃபெம்டோ செகண்ட் என்ற இன்னொரு லேசரால் வெட்டுகிறார்கள். பிளேடு இல்லாத லேசிக் என்று விளம்பரத்தில் சொல்வது இதைத்தான். மறுநாளே பலருக்குப் பார்வை தெளிவாகிவிடும்.

பி.ஆர்.கே. இதற்கு முன்பே வந்த முறை. ஃபிளாப் கிடையாது. கார்னியாவின் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேரடியாக லேசர் செய்வார்கள். தோல் தானாக வளர்ந்துகொள்ளும். ஆனால் முதல் மூன்று நான்கு நாட்கள் வலி, கூச்சம், கண்ணீர் எல்லாம் இருக்கும். பார்வை முழுதாகத் தெளிய வாரக்கணக்கில் ஆகும். பழசு என்று ஒதுக்கிவிட வேண்டாம். கார்னியா மெல்லியதாக இருப்பவர்களுக்கும், கண்ணில் அடிபட வாய்ப்புள்ள வேலை, விளையாட்டில் இருப்பவர்களுக்கும் டாக்டர்கள் இன்றும் இதைச் சொல்வது உண்டு. கபடி ஆடுகிறவர்கள், குத்துச்சண்டை பழகுகிறவர்கள் இதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். லேசிக் ஃபிளாப் பலத்த அடியில் நகர்ந்துபோக வாய்ப்பு இருக்கிறது, வருடங்கள் கழித்துக்கூட.

ஸ்மைல் முறையில் ஃபிளாப் இல்லை. கார்னியாவுக்குள்ளேயே ஒரு சிறு வில்லை வடிவத் திசுவை லேசரால் வெட்டி, சில மில்லிமீட்டர் துளை வழியாக உருவி எடுத்துவிடுவார்கள். இது முக்கியமாக மைனஸ் பவருக்கும் அதோடு சேர்ந்த சிலிண்டர் பவருக்கும் செய்யப்படுகிறது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2016-ல் இதற்கு அனுமதி கொடுத்தது.

பவர் மிக அதிகம், கார்னியா மெல்லியது என்றால் லேசரே வேண்டாம் என்று சொல்லி, கண்ணுக்குள் வைக்கும் ஐ.சி.எல். லென்ஸைப் பரிந்துரைப்பார்கள். இதில் கார்னியாவைச் செதுக்குவது இல்லை, தேவைப்பட்டால் லென்ஸை வெளியே எடுக்கவும் முடியும். ஆனால் இது கண்ணுக்குள் செய்யும் ஆபரேஷன். அதற்கான ரிஸ்க் தனி.

எது லேட்டஸ்ட், எது விலை அதிகம் என்று பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சரியாக வராது. உங்கள் கார்னியாதான் முடிவு செய்ய வேண்டும்.

முடிவு செய்வது ஒரு கழித்தல் கணக்கு

பலருடைய கார்னியாவின் நடுப்பகுதித் தடிமன் சுமார் 520 முதல் 550 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு டயாப்டர் பவரைக் குறைக்க, தோராயமாக 12 முதல் 15 மைக்ரான் திசுவை எடுக்க வேண்டும். லேசிக் என்றால் ஃபிளாப்புக்கு மட்டும் சுமார் 110 மைக்ரான் போய்விடும். மூடி ஒட்டிக்கொண்டாலும் பழைய பலத்தைத் தராது என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பது இல்லை. இதெல்லாம் போக அடியில் குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும். எச்சரிக்கையான டாக்டர்கள் 280, 300 வரை மிச்சம் கேட்பார்கள்.

ஒருவருக்கு கார்னியா 540 மைக்ரான், பவர் மைனஸ் 4 என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாப்புக்கு 110, செதுக்க 56. மிச்சம் 374. பிரச்சினை இல்லை. இன்னொருவருக்கு 480 மைக்ரான், பவர் மைனஸ் 9. ஃபிளாப் 110, செதுக்க 126. மிச்சம் 244. இவருக்கு லேசிக் செய்யக் கூடாது. எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, எவ்வளவு புது மெஷின் என்றாலும் இந்தக் கழித்தல் மாறாது.

உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது, "ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை மைக்ரான் மிஞ்சும்?" என்று கேளுங்கள். நேராக நம்பர் சொல்கிற டாக்டரிடம் தைரியமாகச் செய்துகொள்ளலாம். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று பதில் வந்தால், இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடுவது நல்லது.

யாருக்குச் சரி வராது?

தடிமன் மட்டும் போதாது, வடிவமும் சரியாக இருக்க வேண்டும். சிலருக்கு கார்னியா பலவீனமாகி, கூம்பு மாதிரி முன்னால் துருத்தும். இதற்கு கெரட்டோகோனஸ் என்று பெயர். ஆரம்பத்தில் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது, சிலிண்டர் பவர் மட்டும் அடிக்கடி மாறிக்கொண்டிருக்கும். இது தெரியாமல் லேசர் செய்துவிட்டால், ஏற்கெனவே பலவீனமான கார்னியா மேலும் துருத்திப் பார்வையே கெட்டுப்போகலாம். லேசர் சிகிச்சையில் டாக்டர்கள் அதிகம் பயப்படும் விஷயம் இதுதான். இதைக் கண்டுபிடிக்கத்தான் கார்னியாவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வரைபடமாக எடுக்கும் டோபோகிராஃபி, பென்டாகேம் போன்ற ஸ்கேன்கள். இந்த ஸ்கேன் இல்லாமல், கண்ணாடிக் கடை சீட்டை மட்டும் பார்த்து தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அலர்ஜியால் அடிக்கடி கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது கெரட்டோகோனஸ் இருந்தாலோ கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

வயது 18 ஆகியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பவர் குறைந்தது ஒரு வருடமாக மாறாமல் இருப்பது. கல்லூரியில் படிக்கும்போது ஒவ்வொரு வருடமும் பவர் ஏறிக்கொண்டிருந்தால், இன்று லேசர் செய்தாலும் அடுத்த வருடம் மறுபடி கண்ணாடிதான். பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் ஹார்மோன் மாற்றத்தால் பவர் தற்காலிகமாக மாறலாம். அந்த நேரத்தில் வேண்டாம். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறுகள், கண்ணில் முன்பு வந்த ஹெர்பிஸ் தொற்று இவையெல்லாம் புண் ஆறுவதைக் கெடுக்கும். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதையும் மறைக்கக் கூடாது. அது கண்ணை வறட்சியாக்கும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் ஸ்கேனுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். லென்ஸ் கார்னியாவை அழுத்தி அதன் வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். சாஃப்ட் லென்ஸுக்குப் பொதுவாக இரண்டு வாரம், ஹார்ட் லென்ஸுக்கு மூன்று நான்கு வாரம். காலையில் லென்ஸைக் கழற்றிவிட்டு மதியம் எடுக்கிற அளவை நம்பி கார்னியாவைச் செதுக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பெண்ணின் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் அவசரப்படுத்துவது நம் ஊரில் சாதாரணம். லென்ஸை நிறுத்தி வைக்கும் நாள், ஸ்கேன், ஆபரேஷன், அதன் பிறகு கண் மை, மேக்கப் இல்லாமல் இருக்க வேண்டிய நாட்கள் எல்லாம் சேர்த்தால் மூன்று வாரம் போதவே போதாது. கண்ணாடி போட்ட மணப்பெண் போட்டோவில் நன்றாகத்தான் இருப்பார்.

வேலைக்காகச் செய்கிறீர்களா? நோட்டிஃபிகேஷனைப் படியுங்கள்

கண்ணாடி இருந்தால் வேலை கிடைக்காது என்று நினைத்து லேசர் செய்துகொண்டு, லேசர் செய்ததாலேயே வேலையை இழப்பவர்கள் இருக்கிறார்கள். ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட் பணிக்கான அறிவிப்பில், லேசிக் அல்லது பார்வைக் குறையைச் சரிசெய்யும் வேறு ஆபரேஷன் செய்தவர்கள் தகுதியில்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. எழுத்துத் தேர்வு எல்லாம் பாஸாகி, கடைசியில் மெடிக்கலில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ராணுவம், விமானப்படை, துணை ராணுவம் எல்லாவற்றிலும் ஒரே விதி இல்லை. சில பணிகளில் நிபந்தனையோடு ஏற்பார்கள். குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு செய்திருக்க வேண்டும், செய்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், கண்ணின் நீளமும் கார்னியாவின் தடிமனும் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற மாதிரி. சில பணிகளில் அறவே கிடையாது. நீங்கள் குறிவைக்கும் பணியின் மருத்துவத் தகுதிப் பகுதியைப் படிக்காமல் ஆபரேஷன் தேதி வாங்காதீர்கள். கோச்சிங் சென்டரில் சீனியர் சொன்னது போதாது. "சொல்லாம விட்டா தெரியாது" என்பதும் தப்பு. ஸ்லிட் லேம்ப் மைக்ரோஸ்கோப்பில் ஃபிளாப்பின் ஓரம் பெரும்பாலும் தெரிந்துவிடும், ஸ்கேன் எடுத்தால் செதுக்கிய வடிவம் அப்படியே வரும்.

பக்கவிளைவு எவ்வளவு?

முதல் இடம் கண் வறட்சிக்கு. கார்னியாவில் இருக்கும் மெல்லிய நரம்புகள் அறுபடுவதால், கண்ணீர் சுரக்கச் சொல்லும் சிக்னல் குறைகிறது. மணல் விழுந்த மாதிரி உறுத்தல், எரிச்சல். நரம்பு மறுபடி வளர வளர, மூன்று முதல் ஆறு மாதத்தில் பலருக்குச் சரியாகும். சிலருக்கு நீடிக்கும். நாள் முழுக்க ஏசி அறையில் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலை, ஏற்கெனவே கண் வறட்சி என்றால் அதற்கு முதலில் சிகிச்சை எடுத்துவிட்டுத்தான் லேசர்.

இரண்டாவது, இரவுப் பார்வை. விளக்கைச் சுற்றி வளையம், எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் நட்சத்திரம் மாதிரி சிதறுவது. மெஷினில் 6/6 வந்தாலும் இது இருக்கலாம்.

இதைப்பற்றி அமெரிக்காவில் எஃப்.டி.ஏ., தேசிய கண் நிறுவனம், பாதுகாப்புத் துறை சேர்ந்து நோயாளிகளிடமே கேட்டு ஆய்வு செய்தார்கள். ஆபரேஷனுக்கு முன் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், மூன்று மாதம் கழித்து வளையம், கூச்சம் போன்ற ஏதாவது ஒரு புதுத் தொந்தரவைச் சொன்னார்கள். அதே ஆய்வில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் தங்கள் பார்வை திருப்தி என்றும் சொன்னார்கள். அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்குத் தொந்தரவு என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இரண்டும் உண்மை. விளம்பரத்தில் 95 மட்டும் வரும், பயமுறுத்தும் வீடியோக்களில் 40 மட்டும் வரும். ராத்திரி டிரைவிங்தான் பிழைப்பு என்பவருக்கும், பகலில் கடையில் உட்காருபவருக்கும் அந்த 40-க்கு ஒரே அர்த்தம் கிடையாது.

தொற்று, ஃபிளாப் மடிவது போன்றவை அரிது. பவர் கொஞ்சம் திரும்ப வருவது அவ்வளவு அரிது இல்லை, குறிப்பாக அதிக பவர் இருந்தவர்களுக்கு. மறுபடி லேசர் செய்யலாம், கார்னியாவில் மிச்சம் இருந்தால்.

கண்ணாடி போனாலும் போகாதவை

நாற்பது வயதைத் தாண்டினால் பேப்பரைக் கையை நீட்டிப் படிப்போமே, அந்த வெள்ளெழுத்து. பெரியவர்கள் சாளேஸ்வரம் என்பார்கள். இது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வளைந்துகொடுக்கும் தன்மையை இழப்பதால் வருவது, கார்னியாவைச் செதுக்கினாலும் வரும். மைனஸ் 2 இருப்பவர் 45 வயதில் கண்ணாடியைக் கழற்றினாலே பக்கத்தில் படித்துவிடலாம். லேசர் செய்தவருக்கு அந்த வசதி போய்விடும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொன்றைக் கிட்டத்துக்கும் செட் செய்யும் முறை உண்டு, எல்லோருக்கும் பழகாது. அதனால் 38, 39 வயதில் லேசருக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது விழித்திரை. அதிக மைனஸ் பவர் என்றால் கண் நீளம், விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லேசர் பவரை எடுக்கிறது, நீளத்தை எடுப்பது இல்லை. விழித்திரை கிழியும், விலகும் ஆபத்து அப்படியே இருக்கிறது. கண்ணாடி போச்சே, இனி கண் டாக்டர் எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வருடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிடுங்கள். திடீரென்று மின்னல் மாதிரி வெட்டினாலோ, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

பிறகு, 25, 30 வருடம் கழித்து கண்புரை வரும். அப்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட கார்னியாவின் வளைவு தேவை. லேசர் செய்த கார்னியாவில் வழக்கமான கணக்கு தப்பாக வரும். அதேபோல கண் அழுத்தம் பார்க்கும்போதும் மெலிந்த கார்னியா உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், குளுக்கோமா கவனிக்கப்படாமல் போகலாம். எனவே ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேன், பவர், எடுத்த திசுவின் அளவு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். ஆஸ்பத்திரி அதை 30 வருடம் வைத்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறையைச் சரிசெய்யும் செலவு, இந்தியாவில் ஹெல்த் பாலிசிகளின் வழக்கமான விலக்குப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு மேல் பவர் இருந்தால் உங்கள் பாலிசியைப் பார்த்து, முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியில் சொல்லும் ரேட் ஒரு கண்ணுக்கா, இரண்டுக்கா? ஸ்கேன், சொட்டு மருந்து, மறுபரிசோதனை, பவர் திரும்பினால் மறுபடி செய்யும் செலவு எல்லாம் அதில் அடக்கமா? இதையும் கேளுங்கள்.

ஆபரேஷன் அன்று, அதற்குப் பிறகு

ஊசி கிடையாது, மரத்துப்போக சொட்டு மருந்துதான். இமையைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப் வைப்பார்கள், அதனால் கண் சிமிட்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கண்ணை அழுத்திப் பிடிக்கும்போது சில விநாடிகள் பார்வை இருட்டும், அது தெரியாமல் பயந்துபோகிறவர்கள் உண்டு. லேசர் ஓடும்போது முடி கருகுகிற மாதிரி வாசனை வரலாம். கண் லேசாக அசைந்தால் மெஷின் பின்தொடரும், அதிகம் அசைந்தால் நின்றுவிடும். திரும்பும்போது வண்டி ஓட்டக் கூடாது, ஆள் கூட்டிப் போங்கள்.

முதல் சில மணி நேரம் எரிச்சலும் கண்ணீரும் இருக்கும். தூங்கிவிடுவது நல்லது. கசக்கவே கூடாது. தூக்கத்தில் கை போகாமல் இருக்கத்தான் இரவில் பிளாஸ்டிக் மூடி. டாக்டர் சொல்லும்வரை தலைக்குக் குளிப்பது, எண்ணெய்க் குளியல், கண் மை வேண்டாம். நீச்சல் குளம், ஆறு, கிணறு எல்லாம் ஒரு மாதமாவது கழித்து. பி.ஆர்.கே. செய்தவர்களுக்கு வெயிலில் கூலிங் கிளாஸ் கட்டாயம்.

சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும். சொன்ன நாளில் நிறுத்துங்கள். நன்றாக இருக்கிறதே என்று மெடிக்கலில் போய் அதையே மறுபடி மறுபடி வாங்கி விட்டால் கண் அழுத்தம் ஏறி, நரம்பு பாதிக்கும்.

மறுநாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறினாலோ, தெளிந்த பார்வை திடீரென்று மங்கினாலோ, சீழ் வந்தாலோ, கண்ணில் அடிபட்டாலோ அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே இரவிலும் எடுக்கிற போன் நம்பர் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.